தரையில் விரித்த படிக்கட்டு

கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், விரித்துப் போட்ட பெரிய வெள்ளைத் துணியின் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நீலமும் பச்சையும் மஞ்சளும் கரைத்து வைத்த டால்டா டப்பாக்கள். வாசல் ஓரமாக மண்டபத்துச் சமையல்காரர், வாட்ச்மேன், துணியைத் தூக்கி வந்த ஆட்கள் இரண்டு பேர், எங்கள் நைனா. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னாம்மா, படம் போடற துணி மேலயே குந்திகினு கீற?" என்றார் சமையல்காரர்.

"பின்ன உங்க தல மேலயா குந்தறது?" என்றேன்.

நைனா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அப்போது இருபது வயது தாண்டியிருந்தது. வாய் மட்டும் நாற்பது வயதுக்காரியுடையது என்று அம்மா சொல்வாள்.

மார்கழி மாதம். கல்யாணம் கிடையாது என்பதால் கரையான்சாவடியில் இருந்த அந்த மண்டபம் காலியாகக் கிடந்தது. தரையில் ஊறிப்போன பழைய சாம்பார் வாசனையும், நான் காய்ச்சி எடுத்து வந்திருந்த வஜ்ஜிரக் கோந்தின் நாற்றமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. பவுடர் கலர் துணியில் ஒட்டிக்கொள்ள அந்தக் கோந்து வேண்டும். அந்த நாற்றம் இப்போது எங்கேயாவது வந்தால் என் வயதில் பாதி குறைந்துவிடுகிறது.

பூவிருந்தவல்லி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் காதர் பாயின் போட்டோ ஸ்டுடியோ இருந்தது. போட்டோவுக்கு நிற்பவர்களின் பின்னால் மாட்டும் அவருடைய பழைய சீனரித் திரை கிழிந்து தொங்கியது. தை பிறப்பதற்குள் அவருக்குப் புதுத் திரை வேண்டும். அதைத்தான் நான் வரைய ஒப்புக்கொண்டிருந்தேன். நன்றாக வந்தால் இனிமேல் பெரிய படங்கள் வரையலாம். சொதப்பினால் காலம் பூராவும் நம்பர் பிளேட்தான்.

நம்பர் பிளேட்

அந்த நம்பர் பிளேட் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சல் என் இடது காலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கால் இருக்கிறது, வேலை செய்யாது. கேலிப்பர் என்று ஒரு இரும்புச் சட்டத்தைக் காலில் மாட்டி, பெல்ட் போட்டு இறுக்கினால் நடப்பேன். 'டக், டக்' என்று சத்தம் வரும். தெருவில் நாய்கள்கூட அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போயின.

நைனாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. பார்சல் வந்த அட்டைகளை எனக்காகக் கொண்டு வருவார். அதில் கரியால் வரைந்து, பிறகு கலரில் வரைந்து, லோயர், ஹையர் என்ற கவர்ன்மெண்டு டிராயிங் பரீட்சை இரண்டையும் பாஸ் செய்தேன். அந்த தைரியத்தில் கரையான்சாவடி மெயின் ரோட்டில் இருந்த மோகன் ஆர்ட்ஸ் கடைக்குப் போய் வேலை கேட்டேன்.

மோகன் அண்ணன் என் படங்களைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"கை நல்லாத்தான் கீது கண்ணு. ஆனா நம்ம வேல சாரம், ஏணி, சுவரு. நீ எங்கனா உயுந்து தொலைச்சன்னா உங்க நைனாவுக்கு நா இன்னா பதில் சொல்றது? நெயல்ல குந்திகினு நம்பர் பிளேட்டு எழுது."

எழுதினேன். செம்பரம்பாக்கம் பக்கம் இருந்து வரும் மணல் லாரி, திருமழிசைக் கம்பெனிகளின் வேன், பால் வண்டி என்று எல்லாவற்றுக்கும் நான்தான் எழுதினேன். என் கையெழுத்து பெங்களூர் வரை போய் வந்தது. நான் குமணன்சாவடியைத் தாண்டவில்லை.

மோகன் அண்ணன் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டை போட்டிருப்பேன். அவரோ ஃபேன் காற்று வரும் இடத்தில் எனக்கு நாற்காலி போட்டுத் தருவார். டீ வந்தால் முதல் கிளாஸ் எனக்கு. மழை தூறினால், "நீ ஊட்டுக்குப் போம்மா" என்று அனுப்பிவிடுவார். ஒரு பெரிய வேலை வந்தால் மட்டும் நான் அங்கே இருப்பதே அவர் கண்ணில் படாது. இதை யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

பள்ளிக்கூட நாளிலும் இதே கதைதான். ஒருமுறை ஆவடியில் பெரிய ஓவியப் போட்டி. என்னை மட்டும் தனியாக ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். ஊனமுற்றோர் பிரிவாம். அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான். சரி, முதல் பரிசு உறுதி என்று நினைத்தேன். எனக்குக் கிடைத்தது ஆறுதல் பரிசு, ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. முதல் மூன்று பரிசையும் யாருக்குக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பூ ஜாடி

ஸ்டுடியோ என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. சர்ச்சில் எனக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்த அன்று வெள்ளை கவுனும் தலையில் முக்காடுமாக இருந்த என்னை நைனாவும் அம்மாவும் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனார்கள். காதர் பாய் கடை அல்ல, அதற்கும் முந்தைய ஒன்று.

போட்டோக்காரர் என்னை நிற்க வைத்தார். கேமரா வழியாகப் பார்த்தார். வெளியே வந்து, மூலையில் இருந்த ஒரு பெரிய பூ ஜாடியை உருட்டிக்கொண்டு வந்து என் இடது காலுக்கு முன்னால் வைத்தார். அம்மா அவருக்கு நன்றிகூடச் சொன்னாள்.

அந்த போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. ஜெபமாலையோடு ஒரு சிறுமி, அவளைவிட உயரமாகப் பிளாஸ்டிக் ரோஜாக்கள். பார்க்கிறவர்கள் ஜாடி அழகாக இருக்கிறது என்பார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

துணி இறங்கி வந்தது

காதர் பாய் மோகன் ஆர்ட்ஸுக்கு வந்தது ஒரு காலை நேரம். நான் ஒரு ஆட்டோவின் பிளேட்டை எழுதிக்கொண்டிருந்தேன்.

"மோகன், தை பொறந்தா எனக்கு மூச்சு வுட நேரம் இருக்காது. கல்யாணப் பார்ட்டிய கியிஞ்ச ஸ்க்ரீன் முன்னாலயா நிக்க வெக்கறது?" என்றார்.

"ஆளே இல்ல பாய். பொங்கல் படத்துக்கு அம்பத்தூர்ல கட்அவுட்டு வேல. எல்லாப் பசங்களும் அங்கதான் கீறானுங்க."

"நா போடறேன் பாய்" என்றேன், பிளேட்டிலிருந்து பிரஷ்ஷை எடுக்காமலே.

மோகன் அண்ணன் சிரித்தார். "அது வெளயாட்டுக்குச் சொல்லுது பாய். அது எப்டி சாரம் ஏறும்?"

"நா எதுக்குச் சாரம் ஏறணும்? துணி கீய எறங்கி வரட்டும். தரைல விரிச்சி உக்காந்து போடறேன்."

"கெட்டுப் போச்சின்னா?" என்றார் மோகன் அண்ணன்.

"கெட்டுப் போச்சின்னா அதோட விட்டுடறேன். இனிமே நம்பர் பிளேட்ட தவிர எதுவும் கேக்க மாட்டேன்."

காதர் பாய் நான் எழுதிக்கொண்டிருந்த எழுத்துகளைக் குனிந்து பார்த்தார். அவருக்கு அவசரம். வேறு வழியும் இல்லை. மண்டபத்து மேனேஜர் அவருக்குச் சிநேகிதர் என்பதால் இடத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டார்.

அப்படித்தான் அந்தக் காடாத் துணியின் நடுவில் போய் உட்கார்ந்தேன். ஆனால் ஒன்றை நான் யோசிக்கவில்லை. கேலிப்பரோடு துணியில் நகர முடியாது, இரும்பு துணியைக் கிழித்துவிடும். கழற்றினால் தவழ வேண்டும்.

வீட்டில் தவழ்வேன். வெளி ஆட்கள் முன்னால் தவழ்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. கால் புண்ணானாலும் பரவாயில்லை, வெளியே கேலிப்பரைக் கழற்றக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். வாசலில் அத்தனை பேர் நிற்க, பெல்ட்டை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கையை ஊன்றி நகர்ந்தேன்.

"அய்யோ பாவம், புள்ள தவயுது பாரு" என்றார் சமையல்காரர்.

"வேல நடக்கற எடத்துல இன்னா வேடிக்க? எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினேன். போய்விட்டார்கள். நான் துணியின் மேல் விளிம்பை நோக்கி நகர்ந்தேன்.

ஈரத்தில் உட்கார முடியாது. அதனால் மேலே வானத்தில் ஆரம்பித்து, வீடு மெழுகுகிற பெண்கள் பின்னாலேயே நகர்ந்து வாசலுக்கு வருவதைப் போல நானும் வந்தேன். வானம் காய்ந்ததும் மரங்கள், அப்புறம் ஏரி, அப்புறம் அரண்மனைத் தூண்கள். மோகன் அண்ணன் ஒரு காலண்டர் படத்தைக் கொடுத்திருந்தார். அதில் கட்டம் போட்டு, துணியிலும் கட்டம் போட்டுப் பெரிதாக்கினேன். கடைசியில் கீழே வரவேண்டியது படிக்கட்டு.

சமையல்காரரோடு ராசியாகிவிட்டது. வாசலில் டீயை வைத்துவிட்டு, "வானம் காஞ்சிச்சாமா?" என்று கேட்பார். கிறிஸ்மஸ் வந்தது. வீட்டில் குடில் கட்ட ஆளில்லை என்று அம்மா முணுமுணுத்தாள். பூசையில் நற்கருணை வாங்கக் கை நீட்டியபோது என் நகக்கண் எல்லாம் நீலம். பங்குச் சாமியார் ஒரு விநாடி தயங்கிவிட்டுத்தான் கொடுத்தார்.

எருமை மாடு ஏறும் படி

பொங்கலுக்கு முன்னால் திரையைச் சுருட்டி ரிக்ஷாவில் ஏற்றி, ஸ்டுடியோவில் மாட்டினோம். நான் வரைந்ததை நிமிர்ந்து நிற்கும் கோலத்தில் அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். வானம் நன்றாக இருந்தது. ஏரியும் நன்றாக இருந்தது.

மோகன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். பிலோமினா என்ற என் பெயரை அவர் பிலோ என்றுதான் சுருக்குவார்.

"இன்னா பிலோ இது? அரமன படிக்கட்டு போடச் சொன்னா, கொளத்துப் படித்துற போட்டு வெச்சிக்கீற! எருமமாடுகூட ஏறிடும் போல கீதே."

பார்த்தேன். காலண்டரில் இருந்தது குறுகலாக, செங்குத்தாக வளைந்து போகும் படிக்கட்டு. ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. நான் போட்டிருந்தது தாழ்ந்த, அகலமான படிகள். இரண்டு பக்கமும் கைப்பிடி. நாலைந்து படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு வேறு.

நான் படி ஏறும்போது நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்து அதே படியில் சேர்ப்பேன். சுவரைப் பிடித்துக்கொள்வேன். இரண்டு காலும் சேர்ந்து நிற்க எவ்வளவு அகலம் வேண்டுமோ, அவ்வளவு அகலத்துக்கு ஒவ்வொரு படியையும் கை போட்டுவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. கீழே வர வர காலண்டரைப் பார்ப்பதையே விட்டிருக்கிறேன்.

"பொங்கல் முடியட்டும் பாய். ஆள வெச்சி கீய்ப்பாதிய மாத்திடறேன்" என்றார் மோகன் அண்ணன். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, என் கை மேலேயே. எழுதப்போகும் நம்பர் பிளேட்டுகள் எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்தன.

அதற்குள் கார்த்திகையில் கல்யாணமான ஜோடி ஒன்று, தலைப்பொங்கல் போட்டோவுக்காகச் சென்னீர்குப்பத்திலிருந்து வந்து இறங்கியது. கூடவே பெண்ணின் பெரியம்மா, முட்டிவலிக்காரி. வாசற்படி ஏறுவதற்குள்ளேயே இரண்டு தடவை ஆண்டவனைக் கூப்பிட்டுவிட்டாள். திரையைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அட, இந்தப் படின்னா நாகூட ஏறிடுவேன் போல கீதே!" என்று, யாரும் கூப்பிடாமலே மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். அவளை நகர்த்த முடியவில்லை. பெண் சிரித்துவிட்டாள். முறைப்பாக நின்ற மாப்பிள்ளையும் சிரித்துவிட்டான். காதர் பாய் டக்கென்று பட்டனை அமுக்கினார்.

அவர்கள் போனபின் சொன்னார்: "மோகன், இத்த தொடாத. பழைய படிக்கட்டு முன்னால சனம் பயந்துகினு நிக்கும். இதுங்கிட்ட சிரிக்குது."

படிக்கட்டின் அளவு தப்புதான். பிறகு வந்த ஒரு டிராயிங் மாஸ்டரும் அதையே சொன்னார். தப்பு தப்பாகவே அங்கே பல வருஷம் தொங்கியது.

இரண்டாவது வரி

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் வரைந்தாலும் கீழ் மூலையில் கடை பெயர்தான் வரும். மோகன் அண்ணன் அந்த வழக்கத்தை எனக்காக மீறினார். அடுத்த வாரம் பிரஷ்ஷோடு ஸ்டுடியோவுக்கு வந்து, என்னையும் வரச்சொல்லி, தன் அழகான சாய்வெழுத்தில் மூலையில் எழுதினார்: 'படம்: பிலோமினா.'

என் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவர் நிறுத்தவில்லை. அடியில் இன்னொரு வரி எழுதினார்: 'கால் ஊனமுற்றவர்.'

"இது இன்னாத்துக்குண்ணே?"

"தெரியட்டும் பிலோ. இப்டி கீற பொண்ணு இவ்ளோ பெருசா போட்டுகீதேன்னு சனம் அசந்து பூடும்."

"அம்பத்தூர் கட்அவுட்டுல உங்க பேருக்குக் கீய 'பீடி குடிப்பவர்'னு எழுதினீங்களா?"

காதர் பாய் இருமுவது போலச் சிரிப்பை அடக்கினார். மோகன் அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் அன்று அதற்கு இடம் கொடுத்தால் வாழ்நாள் முழுக்க அந்த வரி என் பெயருக்கு அடியில் இருக்கும். ஒரு காலத்தில் ஜாடி வைத்து மறைத்தார்கள். இப்போது எழுதிக் காட்டுகிறார்கள். இரண்டிலும் உனக்கு இது சம்மதமா என்று என்னைக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

தரையில் உட்கார்ந்து பச்சையும் சிவப்பும் கரைத்தேன். இரண்டாவது வரியின் மேல் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி வரைந்தேன். முதல் வரியில் ஒரு இலைகூடப் படாமல் பார்த்துக்கொண்டேன். மோகன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில், "தொட்டிக்கு நெயலு வுடு. அந்தரத்துல நிக்குது பாரு" என்றார்.

நிழல் போட்டேன்.

இன்றும் டிசம்பரில் ஊனமுற்றோர் தினம் வந்தால் என்னை மேடைக்கு அழைக்கிறார்கள், ஊனமுற்ற ஓவியர் என்று சால்வை போடுகிறார்கள். மற்ற மாதங்களில் நடக்கும் ஓவியக் கண்காட்சிகளுக்கு அழைப்பு வருவதில்லை. அந்தக் கூடங்கள் பெரும்பாலும் மாடியில் இருக்கின்றன.

ஆவடிக்காரர்

அதே வருஷம் ஐப்பசி. மோகன் ஆர்ட்ஸுக்கு ஆவடியிலிருந்து தேவராஜ் என்று ஒரு ஸ்டுடியோக்காரர் வந்தார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண போட்டோவில் என் திரையையும் மூலையில் பெயரையும் பார்த்திருக்கிறார்.

"பிலோமினாங்கறது யாரு?"

"தோ, அங்க" என்று மோகன் அண்ணன் பிரஷ்ஷால் காட்டினார். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நான் எழுந்தேன். கேலிப்பர் சத்தம் போட்டது. தேவராஜ் கண் கீழே போனது. காலைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

"எனக்கு அருவி வோணும். பக்கத்துல அந்தப் படிக்கட்டு. தீபாவளிக்கு முன்ன தந்துடணும். முடியுமா, முடியாதா?"

"முடியும்" என்றேன்.

மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்தில் கல்யாணங்கள். வேறு இடம் இல்லாமல் எங்கள் வீட்டிலேயே துணியைப் பாதி சுருட்டி வைத்து வரைந்தேன். கலர் காயவே இல்லை. கரியடுப்பு மூட்டி ஓரத்தில் வைத்தும் பிசுபிசுவென்று இருந்தது. சொன்ன நாள் போனது. மாற்றிச் சொன்ன நாளும் போனது.

ஒரு மத்தியானம் தேவராஜ் சொட்டச் சொட்ட நனைந்து எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மா நெனச்சிகினு கீற நீ? வேல எடுக்கத் தெரியுதில்ல, முடிக்கத் தெரியாது? உன்ன நம்பி பழைய ஸ்க்ரீன கியிச்சிப் போட்டுட்டேன். பண்டிகைக்கு வர்ற சனத்த வெறுஞ்சுவத்துலயா நிக்க வெக்கறது? வாய் மட்டும் நீளமா முடியும்னு சொல்லத் தெரிஞ்சிதில்ல?"

அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "இன்னாயா பேசற? கால் முடியாத பொண்ணுன்னு தெரியல உனுக்கு?"

"கால பத்தி யாரும்மா பேசனது? நா ஸ்க்ரீன பத்திப் பேசிகினு கீறேன். நாளைக்கு சாயங்காலம் ஸ்க்ரீன் வரலைன்னா நா வேற ஆள பாத்துக்கறேன்."

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அடி வாங்கிய நாளில்கூட டீச்சர் என்னைத் தாண்டிப் போய்விடுவார். மோகன் அண்ணன் கடையில் அத்தனை ஆட்களையும் காது கூசத் திட்டுவார், என் பக்கம் திரும்பும்போது குரல் தணிந்துவிடும். அந்த வயதுவரை என்னை யாரும் இப்படி ஒரு வேலைக்காக நிற்க வைத்துக் கேட்டதில்லை.

"நாளைக்கு சாயங்காலம் கண்டிப்பா தந்துடறேண்ணே" என்றேன்.

"தந்தா சரி." அம்மா நீட்டிய துண்டைக்கூட வாங்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டார்.

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, ஈவு இரக்கம் இல்லாத மனுஷன் என்று அவரைத் திட்டித் தீர்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தவள் நிறுத்திவிட்டாள்.

"அவன் அவ்ளோ பேசிட்டுப் போறான். நீ இன்னாத்துக்குடி சிரிக்கற?"

பதில் சொல்ல நேரமில்லை. அடுப்பில் இன்னும் கொஞ்சம் கரி போடச் சொல்லிவிட்டு, கேலிப்பரைக் கழற்றி வைத்தேன். நாளை சாயங்காலத்துக்குள் அருவி காய்ந்தாக வேண்டும்.